காலநிலை நிதியும் லாபிக் கணக்கும்: நெல்லையில் இருந்தபடி பயன்படுத்தத்தக்க மூன்று இலவசத் தரவுச் சேவைகள்

பணக்கார நாடுகள் பிற நாடுகளுக்குத் தரும் காலநிலை நிதியுதவியின் அளவையும் திசையையும் முடிவு செய்வதில், அந்தப் பணக்கார நாடுகளுக்குள் இயங்கும் தொழில் நிறுவனங்களுக்கும் அழுத்தக் குழுக்களுக்கும் எவ்வளவு பங்கு இருக்கிறது என்பது அரசியல் அறிவியலில் இப்போது அதிகம் ஆராயப்படும் கேள்விகளில் ஒன்று. பாளையங்கோட்டையில் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு நெறியாளராக இருந்து வருகிறேன். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு நெல்லை சந்திப்புப் பேருந்து நிலையம் வரை தண்ணீர் புகுந்த பிறகு, இந்தக் கேள்வியோடு வரும் மாணவர்கள் கூடியிருக்கிறார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் துபாயில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், காலநிலைப் பேரிடர்களால் பாதிக்கப்படும் ஏழை நாடுகளுக்கு உதவும் இழப்பு மற்றும் சேத நிதியத்தைச் செயல்படுத்த நாடுகள் ஒப்புக்கொண்டிருந்தன. ஆகவே, அந்தப் பணம் யாருக்கு, எப்படி, யார் சொல்லி வருகிறது என்று இளைஞர்கள் கேட்பது இயல்பே. அந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய மூன்று இணையத் தரவுச் சேவைகளை இங்கே மதிப்பிடுகிறேன். பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு, சுருக்கமாக ஓஇசிடி, வெளியிடும் காலநிலை வளர்ச்சி நிதித் தொகுப்பு முதலாவது. லாபி, அதாவது சட்டங்களையும் அரசு முடிவுகளையும் தமக்குச் சாதகமாக்க அணுகிப் பேசும் வேலை, பற்றிய அறிக்கைகளுக்காக அமெரிக்க செனட் நடத்தும் தேடல் பக்கம் இரண்டாவது. அந்த அறிக்கைகளை ஆய்வாளர்களுக்கு ஏற்பச் சீராக்கித் தரும் லாபிவியூ மூன்றாவது.

இந்தக் கேள்வி நமக்கு எட்டாத தூரத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம். 1980களின் இறுதியில், டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான டானிடாவின் பணத்தில் கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைப் பண்ணைகள் அமைந்தன. உதவி டென்மார்க்கிலிருந்து வந்தது. இயந்திரங்களும் அங்கிருந்தே வந்தன. அது ஒரு வளரும் நாட்டுக்குச் செய்த நன்மையா, தன் நாட்டுக் காற்றாலைத் தொழிலுக்கு ஒரு புதிய சந்தையைத் திறந்துவிட்ட ஏற்பாடா என்ற கேள்விக்கு இரண்டும்தான் என்பதே நேர்மையான பதில். நன்கொடை நாட்டின் தாராள மனமும் அதன் தொழிலதிபர்களின் கணக்கும் ஒரே காசோலையில் கையெழுத்திடும்போது இரண்டையும் எப்படிப் பிரித்து அளப்பது என்பதுதான் இந்தத் துறையின் மொத்தச் சிக்கலும். மேற்சொன்ன மூன்று சேவைகளும் அந்தச் சிக்கலை அவிழ்க்க எந்த அளவுக்கு உதவுகின்றன என்பதை வைத்தே என் மதிப்பீடு அமைகிறது.

ஓஇசிடி தொகுப்பிலிருந்து தொடங்குகிறேன். நன்கொடை நாடுகள் தங்கள் ஒவ்வொரு திட்டத்தையும் ஒரு வரியாகப் பதிந்து இந்த அமைப்புக்கு அனுப்புகின்றன. அந்த வரியில் கொடுக்கும் நாடு, பெறும் நாடு, நிதியை வழங்கும் முகமை, நோக்கக் குறியீடு, ஒப்புக்கொண்ட தொகை, திட்டத்தின் பெயர், சிறு விளக்கம் ஆகியவை இருக்கும். காற்றாலை மின்சாரத்துக்கு 23240 என்றும், மின்கடத்தல் மற்றும் பகிர்மானக் கட்டமைப்புக்கு 23630 என்றும் நோக்கக் குறியீடுகள் உள்ளன. இவற்றோடு ரியோ குறியீடு என்று ஒன்று இருக்கிறது. திட்டத்துக்குக் காலநிலை நோக்கமே இல்லையென்றால் 0, குறிப்பிடத்தக்க நோக்கங்களில் ஒன்றாக இருந்தால் 1, முதன்மை நோக்கமாக இருந்தால் 2 என்று நன்கொடை நாடே போட்டுக்கொள்ளும். தணிப்புக்கான, அதாவது பசுமைக்குடில் வாயு வெளியீட்டைக் குறைப்பதற்கான, குறியீடு 1998இல் உருவானது. தகவமைப்புக்கான, அதாவது காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளைத் தாங்கத் தயாராவதற்கான, குறியீடு 2009இல்தான் ஏற்கப்பட்டது. எனவே கயத்தாறு டேனிஷ் காற்றாலைகளைப் போன்ற பழைய திட்டங்கள், இன்றைய பார்வையில் கலப்படமற்ற காலநிலை உதவியாக இருந்தாலும், அந்தப் பெயரில் கணக்கில் ஏறியிருக்காது. காலத் தொடரை 1980களிலிருந்து வரைய நினைக்கும் மாணவர் இந்த ஒரு செய்தியை முதலிலேயே அறிந்துகொண்டால் ஒரு பருவத்தை மிச்சப்படுத்தலாம்.

பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய மற்றொன்று தொகையின் அலகு. காலநிலைத் தொகுப்பில் எண்கள் ஆயிரம் டாலரில் இருக்கும். இதைக் கவனியாமல் எக்செலில் கூட்டினால், ஜெர்மனி இந்தியாவுக்குக் கொடுத்த தொகை ஒரு டீக்கடையின் மாத வரவைப் போலத் தெரியும். பெறும் நாடு என்ற இடத்தில் இந்தியா என்று மட்டுமே இருக்கும். மாநிலம், மாவட்டம் என்ற பத்திகள் கிடையா. தமிழ்நாட்டுக்கு வந்ததைத் தேட வேண்டுமானால் விளக்கப் பத்தியில் எழுத்துத் தேடல்தான் வழி. தமிழ்நாடு என்ற பெயரைச் சேர்த்தும் பிரித்தும் எழுதியிருப்பார்கள்; சில நாடுகள் விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதாமல் தத்தம் மொழியிலேயே எழுதி அனுப்பும். அத்தனை வடிவங்களையும் தேடல் சொற்களில் சேர்த்தால்தான் தப்பாமல் சிக்கும். வெள்ளத்துக்குப் பின் தாமிரபரணிப் படுகைக்கு வெளிநாட்டிலிருந்து என்ன வந்தது என்று கேட்டு வந்த மாணவியிடம் இதையே சொன்னேன்: இந்தத் தொகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்கவே இடமில்லை. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மாநில அரசு தந்த 6,000 ரூபாய், மத்திய மாநில அரசுகளுக்கிடையே நடந்த நிவாரண வழக்காடல் எல்லாம் உள்நாட்டுப் பணத்தின் கதை; அவற்றுக்கு வேறு ஆவணங்கள் வேண்டும். அதைப் போலவே, நம் மாவட்டத்திலேயே வெளிநாட்டுக் கடனில் எழுந்த மிகப் பெரிய மின்திட்டமான கூடங்குளத்தையும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஓஇசிடியின் வளர்ச்சி உதவிக் குழுவில் ரஷ்யா உறுப்பினர் அல்ல.

இந்தச் சேவையின் ஆகப் பெரிய குறை அலகும் அல்ல, தேடலும் அல்ல. மதிப்பெண் போடுபவரும் தேர்வு எழுதுபவரும் ஒருவரே என்பதுதான். 2011இல் வேர்ல்டு டெவலப்மென்ட் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆயிரக்கணக்கான திட்டங்களின் விளக்கங்களைப் படித்து, காலநிலை என்று குறியிடப்பட்டவற்றில் கணிசமானவற்றுக்கு அதோடு தொடர்பே இல்லை என்று காட்டியது. தவறு தற்செயலாக நடந்திருந்தால் கூடியும் குறைந்தும் இருக்க வேண்டும்; ஆனால் நன்கொடை நாட்டின் உள்நாட்டு அரசியலோடு அது ஒத்துப்போனது என்பதே அந்த ஆய்வின் முக்கியத்துவம். 2023இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் நடத்திய புலனாய்வில், வங்கதேசத்தில் கட்டப்பட்ட நிலக்கரி மின்நிலையமும், ஆசிய நகரங்களில் திறக்கப்பட்ட சாக்லேட், ஐஸ்கிரீம் கடைகளும்கூடக் காலநிலை நிதிக் கணக்கில் காட்டப்பட்டிருந்தது வெளிவந்தது. குறியீடு 1 பெற்ற திட்டங்களின் தொகையில் எவ்வளவைக் காலநிலை நிதியாகக் கணக்குக் காட்டலாம் என்பதற்கும் பொது விதி கிடையாது. சில நாடுகள் 40 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன, சில 50 சதவீதத்தை, சில முழுத் தொகையையும்.

இந்தத் தளர்ச்சிதான் உலக அரங்கில் பெரும் சண்டைகளுக்குக் காரணமாகிறது. 2020ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று 2009இல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள் உறுதி கூறின. ஓஇசிடியின் கணக்குப்படி 2020இல் 8,330 கோடி டாலர்தான் திரண்டது. 2022இல் 11,590 கோடியாகி, முதன்முறையாக இலக்கைத் தாண்டியது. அதே 2022ஆம் ஆண்டுக்கு, கடன்களின் உண்மையான சலுகை மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் 2,800 கோடி முதல் 3,500 கோடி டாலர்தான் தேறும் என்று ஆக்ஸ்ஃபாம் அமைப்பு கணக்கிட்டது. அதற்கும் முன்பே, 2015இல், 2013-14க்கான ஆண்டுச் சராசரி 5,700 கோடி டாலர் என்று ஓஇசிடி அறிவித்தபோது, நம்பத்தகுந்த வகையில் கைக்கு வந்தது 220 கோடி டாலர்தான் என்று நம் நிதியமைச்சகம் ஒரு விவாத அறிக்கையில் மறுத்தது. ஒரே பணத்தை அளந்த இரு கணக்குகளுக்கிடையே இருபது மடங்குக்கும் மேல் இடைவெளி இருக்குமானால், அந்த எண்ணை வைத்து ஒரு புள்ளியியல் மாதிரியை ஓட்டி மூன்றாம் தசம இடத்தில் முக்கியத்துவம் தேடுவது வீண்வேலை. இந்தத் தொகுப்பை நான் மாணவர்களுக்குப் பரிந்துரைப்பது பணத்தை அளக்க அல்ல. ஒரு நாடு எதையெல்லாம் காலநிலை உதவி என்று சொல்லிக்கொள்ள விரும்புகிறது என்பதை அளக்கவே. அந்த நோக்கத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று எங்கும் இல்லை.

பலரும் கண்டுகொள்ளாத ஒரு நல்ல அம்சத்தையும் சொல்லிவிட வேண்டும். காலநிலைத் தொகுப்பைத் தாண்டி, சிஆர்எஸ் எனப்படும் முழுத் தொகுப்பைத் தரவிறக்கினால், ஒவ்வொரு திட்டத்திலும் கட்டுண்ட தொகை எவ்வளவு, கட்டற்ற தொகை எவ்வளவு என்று காட்டும் பத்திகள் கிடைக்கும். கட்டுண்ட உதவி என்றால், கொடுத்த நாட்டின் நிறுவனங்களிடமிருந்தே பொருளையும் சேவையையும் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும் பணம். 2002இல் ஜப்பான் தொடங்கிய ஸ்டெப் வகைக் கடன்களில், ஒப்பந்தத்தை ஜப்பானிய நிறுவனங்களே எடுக்க வேண்டும், குறைந்தது 30 சதவீதப் பொருளும் சேவையும் ஜப்பானிலிருந்தே வர வேண்டும் என்பது எழுத்திலேயே உள்ள விதி. உள்நாட்டுத் தொழிலின் நலன் ஒரு கடனுக்குள் எங்கே குடியிருக்கிறது என்று தேடுபவருக்கு ரியோ குறியீட்டைவிட இந்தப் பத்திகள் பல மடங்கு பயன்படும். நம் பகுதியின் உதாரணம் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களில் நடந்த பசுமை மின்வழித்தடத் திட்டத்தின் முதற்கட்டத்துக்கு, 40 சதவீதம் மத்திய அரசின் மானியம், 40 சதவீதம் ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடன், 20 சதவீதம் மாநிலங்களின் பங்கு என்று நிதி அமைப்பு வகுக்கப்பட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வெளியே கொண்டுசெல்லும் கம்பிகளுக்கான இத்தகைய கடனையும், ஜப்பானின் நிபந்தனைக் கடனையும் அருகருகே வைத்து எழுதப்படும் ஓர் ஆய்வேட்டை நான் மகிழ்ச்சியோடு வழிநடத்துவேன்.

இரண்டாவது சேவை அமெரிக்க செனட்டின் லாபி அறிக்கைத் தேடல். 1995ஆம் ஆண்டின் லாபி வெளிப்படுத்தல் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு நாடாளுமன்றத்தையும் அரசுத் துறைகளையும் அணுகுபவர்கள் பதிவு செய்துகொண்டு கணக்குக் காட்ட வேண்டும். 2007இல் சட்டம் இறுக்கப்பட்ட பிறகு ஆண்டுக்கு இருமுறை என்றிருந்த அறிக்கை காலாண்டுக்கு ஒருமுறை என்றானது. தேடல் பக்கம் எளிமையானது. 1999 முதலான அறிக்கைகள் கிடைக்கும். மெதுவான செல்பேசி இணைப்பிலும் சிரமமின்றித் திறக்கக்கூடிய அளவுக்கு ஒவ்வொரு அறிக்கையும் சில பக்கங்கள்தான். இந்தச் சேவைக்கு ஓஇசிடியைவிட ஒரு படி மேலான மதிப்பைத் தருகிறேன். காரணம், இங்கே எழுதப்படுவது சட்டத்தின் பேரில் எழுதப்படுகிறது. வேண்டுமென்றே பொய் எழுதினால் தண்டனை உண்டு.

காலாண்டு அறிக்கைப் படிவத்தை ஒருமுறை மாணவர்களோடு வரி வரியாகப் படிப்பது நல்ல பயிற்சி. 12ஆம், 13ஆம் கட்டங்களில் தொகை இருக்கும். அது 10,000 டாலரின் மடங்குக்கு முழுதாக்கப்பட்ட தொகை. 15ஆம் கட்டத்தில் பொருளின் குறியீடு: சுற்றுச்சூழல், எரிசக்தி, வெளியுறவு, வணிகம் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்றெழுத்துச் சுருக்கம். 16ஆம் கட்டத்தில் எந்த மசோதா, எந்தப் பிரச்சினை என்று விளக்கம். 17இல் அணுகப்பட்ட அவைகளும் துறைகளும். 18இல் அணுகியவர்களின் பெயர்கள். இவ்வளவையும் படித்து முடித்த மாணவி ஒருவர், "ஐயா, மசோதாவை ஆதரிச்சாங்களா, எதிர்த்தாங்களான்னு எழுத ஒரு கட்டமே இல்லையே?" என்று கேட்டார். இந்தச் சேவையைப் பற்றி எழுதக்கூடிய விமர்சனங்களிலேயே கூர்மையானது அதுதான். யார், எதைப் பற்றி, எவ்வளவு செலவில், யாரிடம் பேசினார்கள் என்பதெல்லாம் சட்டத்துக்கு வேண்டும்; என்ன பேசினார்கள் என்பது வேண்டாம். ஆகவே சுற்றுச்சூழல் குறியீட்டின் கீழ் ஒரு சூரிய மின்பலகை நிறுவனமும் ஒரு நிலக்கரி நிறுவனமும் ஒரே மசோதா எண்ணைக் குறிப்பிட்டு, ஒரே தொகையைக் காட்டினால், படிவத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பணிநேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாகவே ஒருவருக்காக லாபி செய்பவர் அந்தச் சட்டத்தின் பார்வையில் லாபிக்காரரே அல்ல என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். செல்வாக்குள்ள ஆலோசகர்கள் பலர் பதிவேட்டுக்கு வெளியே நிற்பது இதனால்தான்.

ஆய்வாளர்கள் இந்தக் குறையைச் சுற்றி வந்திருக்கும் வழிகள் சுவையானவை. 2018இல் கிளைமேட்டிக் சேஞ்ச் இதழில் வந்த ஓர் ஆய்வு, 2000 முதல் 2016 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தில் காலநிலை தொடர்பாக 200 கோடி டாலருக்கு மேல் லாபிச் செலவு நடந்ததாகவும், அது மொத்த லாபிச் செலவில் 3.9 சதவீதம் என்றும் கணக்கிட்டது. தனித்தனி நிறுவனங்களின் நிலைப்பாட்டைத் துருவாமல், துறை துறையாகத் தொகையைப் பிரித்தது. புதைபடிவ எரிபொருள், போக்குவரத்து, மின்விநியோகம் ஆகிய துறைகளின் செலவு, சுற்றுச்சூழல் அமைப்புகளும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறையும் செய்த செலவைப் போலப் பத்து மடங்கு என்று காட்டியது. மறுவருடம் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் வந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. 2009 ஜூனில் பிரதிநிதிகள் சபையில் 219க்கு 212 என்ற வாக்குகளில் தேறி, செனட்டில் வாக்கெடுப்புக்கே வராமல் போன, கார்பன் வெளியீட்டுக்கு உச்சவரம்பு விதிக்கும் வாக்ஸ்மன்-மார்க்கி மசோதாவை அது எடுத்துக்கொண்டது. மசோதா நிறைவேறும் வாய்ப்பு ஏறியிறங்கும்போது ஒவ்வொரு நிறுவனத்தின் பங்கு விலையும் எப்படி அசைந்தது என்று பார்த்து, யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று ஊகித்தது. இருதரப்பு லாபியும் சேர்ந்து மசோதாவின் வாய்ப்பை 13 சதவீதப் புள்ளிகள் குறைத்தது என்பது அதன் முடிவு. படிவத்தில் இல்லாத கட்டத்தைப் பங்குச் சந்தையிலிருந்து நிரப்பிக்கொண்டார்கள் என்று சொல்லலாம். அந்த மசோதாவில் வளரும் நாடுகளின் காடுகளுக்கும் தகவமைப்புக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்பதால், அதன் தோல்வி காலநிலை நிதியுதவியின் கதையிலும் ஒரு முக்கியமான திருப்பம்.

இந்தியாவுக்கும் இந்தப் பதிவேட்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 2012 டிசம்பரில், இந்தியச் சந்தையில் முதலீட்டு வாய்ப்பு என்பதையும் தன் லாபிப் பொருள்களில் ஒன்றாக வால்மார்ட் நிறுவனம் அமெரிக்க அறிக்கைகளில் குறிப்பிட்டிருந்தது தெரியவந்து, நம் நாடாளுமன்றம் கொந்தளித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணையும் அமைக்கப்பட்டது. நம் நாட்டைப் பற்றிய ஒரு தகவல் நம் ஆவணங்களில் கிடைக்காமல் வாஷிங்டனின் படிவத்தில் கிடைத்தது என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒரு சிறு சலசலப்பு எழும்.

மூன்றாவதான லாபிவியூவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அரசியல் அறிவியல் பேராசிரியர் இன் சாங் கிம் உருவாக்கிய இது, செனட் பதிவேட்டில் சிதறிக் கிடக்கும் அறிக்கைகளை நிறுவன வாரியாகவும் மசோதா வாரியாகவும் இணைத்துத் தருகிறது. வாக்ஸ்மன்-மார்க்கி மசோதாவின் எண்ணான எச்.ஆர். 2454 என்பதைக் கொண்டு, அதைக் குறிப்பிட்ட நிறுவனங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். செனட் பக்கத்தில் கையால் செய்தால் ஒரு கோடை விடுமுறையை விழுங்கும் வேலை அது. நிலைப்பாட்டுக் கட்டம் மூலத்திலேயே இல்லாததால் இங்கும் இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே இது பயன்படாது. புள்ளியியல் மென்பொருளில் ஓரளவு பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் பரிந்துரைக்கிறேன். மற்றவர்கள் செனட் பக்கத்தோடு நிற்பது நல்லது.

இனி உண்மையான சோதனைக்கு வருவோம். முதல் சேவை உதவியின் பக்கத்தையும் மற்ற இரண்டும் லாபியின் பக்கத்தையும் தருகின்றன என்றால், இரண்டையும் ஒட்ட வைத்து, இந்தக் குழு பேசியதால்தான் இந்தப் பணம் வந்தது என்று காட்ட முடியுமா? பெரும்பாலும் முடியாது. லாபி அறிக்கையில் வெளியுறவு என்ற குறியீட்டின் கீழ் வருவதில் தூதரகப் பாதுகாப்பு முதல் பொருளாதாரத் தடை வரை எல்லாம் அடக்கம். வளரும் நாடுகளுக்குக் காலநிலை நிதி வழங்கும் சர்வதேச அமைப்பான பசுமைக் காலநிலை நிதியத்துக்கான ஒதுக்கீடு தனியாகத் தெரியாது. அந்த நிதியத்துக்கு 2014இல் 300 கோடி டாலர் தருவதாக அமெரிக்கா வாக்களித்து, 2017 தொடக்கத்துக்குள் 100 கோடி கொடுத்து, பிறகு ஆட்சி மாறியதும் நிறுத்தி, 2023இல் இன்னொரு 100 கோடி கொடுத்து, மேலும் 300 கோடிக்கு உறுதி கூறி, 2025இல் மிச்சத்தையெல்லாம் ரத்து செய்தது. இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் ஆட்சியிலிருந்த கட்சியை வைத்தே விளக்கிவிடலாம். காலாண்டு லாபித் தொகைக்கு அதில் மிஞ்சி நிற்கும் வேலை மிகக் குறைவு. லாபியின் செல்வாக்கு இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அது கட்சியின் நிலைப்பாட்டுக்குள் முன்பே கலந்துவிட்டிருந்தால், காலாண்டுக் கணக்கில் எப்படித் தெரியும்?

செல்வாக்கைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் தரவை விட்டுச் சட்டத்தின் வாசகத்துக்குப் போவது நல்லது என்பதற்கு உணவு உதவியின் வரலாறே சான்று. 1954இல் அமெரிக்கா கொண்டுவந்த உணவு உதவிச் சட்டமான பிஎல் 480இன் கீழ்தான் அறுபதுகளில் கோதுமைக் கப்பல்கள் இந்தியாவுக்கு வந்தன. அதே 1954இல் வந்த சரக்கு முன்னுரிமைச் சட்டம், அரசுச் சரக்கில் குறைந்தது பாதியை அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்களில்தான் ஏற்ற வேண்டும் என்றது. உணவு உதவிக்கான பங்கு 1985இல் 75 சதவீதமாக உயர்ந்து 2012இல் மீண்டும் 50க்கு இறங்கியது. பட்டினிக்கு அனுப்பும் தானியத்தின் கப்பல் கூலியில் உள்நாட்டுக் கப்பல் முதலாளிகளுக்கு ஒரு நிரந்தரப் பங்கு சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது; தானிய வணிகர்களும் கப்பல் நிறுவனங்களும் சில தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து அதைக் காத்து நின்றன. எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்த மதிய உணவுத் திட்டத்துக்குப் பின்னாளில் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பு வழியாக வந்த பால் பவுடரையும் மாவையும் சாப்பிட்ட தலைமுறை இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. அவர்களிடம் இந்தக் கப்பல் கூலி விவரத்தைச் சொன்னால், மாணவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நெல்லைப் பகுதி மாணவர்களுக்கு இந்த மூன்று சேவைகளோடு நான்காவதாக ஒன்றை நானே சேர்த்துப் பரிந்துரைக்கிறேன். லாபி செய்பவர்கள் கணக்குக் காட்ட வேண்டும் என்ற சட்டம் இந்தியாவில் இல்லை. ஆகவே இங்கே பதிவேடும் இல்லை. ஆனால் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் காற்றாலைக் கட்டண ஆணைகளை வெளியிடும்போது, கருத்துச் சொன்ன தரப்பினரின் பெயர்களையும் அவர்கள் கேட்டதையும் ஆணையோடு சேர்த்தே பதிகிறது. தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கமும், இந்தியக் காற்றாலை மின்சாரச் சங்கமும், மின்வாரியமும் ஒரே மேசையில் வைத்த எதிரெதிர்க் கோரிக்கைகளை அங்கே படிக்கலாம். ஆடிக் காற்றில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துக் காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் பேங்கிங் வசதிக்கு எவ்வளவு கட்டணம் என்பதில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று ஊகிக்கவே வேண்டியதில்லை, எழுத்தில் இருக்கிறது. அமெரிக்கப் படிவத்தில் இல்லாத கட்டம் இங்கே இருக்கிறது. அமெரிக்கப் படிவத்தில் இருக்கும் செலவுத் தொகை இங்கே இல்லை.

இதை வெளிநாட்டு நிதியின் கதையோடு இணைப்பதும் சாத்தியமே. நூற்பாலைகளின் காற்றாலைகளைத் தொகுத்துக் கியோட்டோ ஒப்பந்தத்தின் தூய வளர்ச்சிப் பொறிமுறையில் கார்பன் வரவுக்காக, அதாவது வெளியீட்டைக் குறைத்ததற்கு ஈடாகக் கிடைக்கும், விற்கத்தக்க சான்றுகளுக்காக, பதிவு செய்த ஏற்பாட்டை நடத்தியது இதே நூற்பாலைகள் சங்கம்தான். அப்படி உலகெங்கும் வழங்கப்பட்ட வரவுகளில் 2 சதவீதம் தகவமைப்பு நிதியத்துக்குப் போனது. அந்த நிதியம் பிறகு நபார்டு வங்கி வழியாகத் தமிழ்நாட்டிலும் ராஜஸ்தானிலும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளைக் காலநிலைக்கு ஏற்பப் பலப்படுத்தும் ஒரு திட்டத்துக்குப் பணம் தந்தது. மத்திய அரசு 2012இல் நிறுத்தி 2014இல் திருப்பித் தந்த 80 சதவீத விரைவுத் தேய்மானச் சலுகையையும் (காற்றாலையின் விலையில் பெரும்பகுதியை முதலாண்டிலேயே வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் வசதி) சேர்த்தால், ஒரே அழுத்தக் குழு சென்னையிலும் டெல்லியிலும் ஐ.நா. அமைப்பிலும் எப்படி மூன்று மொழியில் பேசியது என்று பார்க்க ஒரு முழு ஆய்வேட்டுக்கான சரக்கு கிடைத்துவிடும்.

ஆணையத்தின் ஆவணங்களைப் பயன்படுத்துவதில் உள்ள ஒரே சிரமம், ஆண்டு வாரியாகப் பிடிஎஃப் கோப்புகளாகத் தனித்தனியே இருக்கின்றன என்பதுதான். எல்லா ஆணைகளிலும் ஒருசேரத் தேடிப் பார்க்க வழியில்லை. ஒவ்வோர் ஆணையிலும் தரப்பினர், கோரிக்கை, ஆணையத்தின் முடிவு என்று மூன்று பத்திகளில் எடுத்தெழுதினால் லாபிவியூவுக்கு நிகரான ஒரு சிறு தொகுப்பு உருவாகும். புள்ளியியல் துறை நண்பர் யாராவது அட்டவணையின் வடிவத்தை வகுத்துக் கொடுத்தால், தட்டச்சு செய்ய எங்கள் துறையில் ஆள் இருக்கிறது.